பலெர்மோவின் மலையூர்களும் மருத்துவர் பற்றாக்குறையும்

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்ற மருத்துவமனை ஒன்று இயங்கி வருகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் ஒத்துழைப்போடு 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இஸ்மெட்' என்ற அந்த நிலையத்தில், 1999ஆம் ஆண்டு முதல் உறுப்பு மாற்று சிகிச்சைகள் நடந்து வருகின்றன. நகரில் பல்கலைக்கழக மருத்துவமனை உட்பட வேறு பல பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன.

ஆனால் அதே பலெர்மோ மாவட்டத்தின் தென்கிழக்கே உள்ள மடோனியே மலைத்தொடரில் வாழும் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், வளைந்து செல்லும் மலைப்பாதைகளில் நெடுந்தூரம் பயணம் செய்துதான் அவர் பிரசவ விடுதியை அடைய முடியும். அவருடைய ஊரில் குடும்ப மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டால், அந்த இடத்துக்கு வேறொருவர் வருவாரா என்பதும் நிச்சயமில்லை.

மருத்துவர்களின் எண்ணிக்கையில் உலகின் வசதியான நாடுகளில் ஒன்றாகக் கருதப்படும் இத்தாலியில் இந்த நிலை ஏன் என்ற கேள்வி, சிசிலியோடு நின்றுவிடும் ஒன்றல்ல. தமிழகத்தின் மலைக் கிராமங்களிலும், இலங்கையின் வன்னிப் பகுதியிலும் வாழும் மக்களுக்கும் இது பரிச்சயமான கேள்விதான்.

சட்டம் தந்த உறுதி

1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவு, உடல்நலத்தை மனிதரின் அடிப்படை உரிமையாக ஏற்றுக்கொள்கிறது. வறியவர்களுக்குக் கட்டணமில்லாத சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1978ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட 833ஆம் இலக்கச் சட்டம் தேசிய சுகாதார சேவையை உருவாக்கியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் தீனா அன்செல்மி. இத்தாலியில் அமைச்சர் பதவி வகித்த முதல் பெண்மணியும் அவரே.

இந்த முறையின் கீழ் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரின் பட்டியலில் பதிவு செய்துகொள்கிறார். பரிசோதனை, மருந்துச் சீட்டு, நிபுணரிடம் செல்வதற்கான பரிந்துரை என எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் முதலில் போக வேண்டும். குடும்ப மருத்துவர் அரசு ஊழியர் அல்லர். சுகாதார சேவையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, தம் பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊதியம் பெறுபவர். ஒருவரது பட்டியலில் 1,500 பேர் வரை இருக்கலாம் என்பது பொது விதி. குழந்தைகளுக்குத் தனியாகக் குழந்தை மருத்துவர் உண்டு. இரவிலும் விடுமுறை நாட்களிலும் பணியாற்ற 'குவார்தியா மெதிகா' எனப்படும் காவல் மருத்துவர் நிலையங்கள் ஊர்தோறும் ஏற்படுத்தப்பட்டன.

2001ஆம் ஆண்டின் அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பிறகு, சுகாதார சேவையை நடத்தும் பொறுப்பு பெருமளவுக்குப் பிராந்திய அரசுகளிடம் சென்றது. 1946ஆம் ஆண்டிலிருந்தே சிறப்புத் தன்னாட்சி பெற்ற பிராந்தியமான சிசிலியில், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சுகாதார நிர்வாக அமைப்பு இருக்கிறது. பலெர்மோ மாவட்டத்தின் 82 நகராட்சிகளுக்கும் ஊர்களுக்கும் பொறுப்பான அமைப்பு, தலைநகரின் நெரிசல் மிகுந்த குடியிருப்புகளையும், சில நூறு குடும்பங்களே வாழும் மலையூர்களையும், கடலுக்கு நடுவே உள்ள ஒரு தீவையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மலையும் கடலும்

மடோனியே மலைத்தொடரின் உயரமான சிகரம் பித்சோ கார்பொனாரா. 1,979 மீட்டர் உயரம் கொண்ட அது, சிசிலியில் எட்னா எரிமலைக்கு அடுத்த உயரமான இடம். குளிர்காலத்தில் இங்கு பனி பெய்வதுண்டு. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பெத்ராலியா சொத்தானா என்ற ஊரில் அமைந்துள்ள பொது மருத்துவமனைதான் உள்மலைப் பகுதியில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஒரே பற்றுக்கோடு. அடுத்த நிலை மருத்துவமனைகளுக்குச் செல்ல வேண்டுமானால், கடற்கரையில் உள்ள செஃபாலு அல்லது தேர்மினி இமெரேசே வரை இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பலெர்மோவுக்கே போக வேண்டும்.

இந்தப் பயணம் எவ்வளவு நம்ப முடியாதது என்பதை 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. பலெர்மோவையும் கத்தானியாவையும் இணைக்கும் ஏ-19 நெடுஞ்சாலையில், ஸ்கில்லாத்தோ அருகே இருந்த இமேரா மேம்பாலத்தின் தூண்கள் நிலச்சரிவினால் சாய்ந்தன. சாலை மூடப்பட்டது. மடோனியே ஊர்களுக்கும் தலைநகருக்கும் இடையிலான முக்கிய வழி துண்டிக்கப்பட்டது. வாகனங்கள் பழைய மலைப்பாதைகளில் திருப்பி விடப்பட்டன. பாதிக்கப்பட்ட பகுதி இடிக்கப்பட்டு, புதிய பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது 2020ஆம் ஆண்டு ஜூலையில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில், 'மருத்துவமனை இத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது' என்ற வரைபடக் கணக்குக்கும், நோயாளி அங்கு போய்ச் சேர ஆகும் நேரத்துக்கும் இடையிலான வேறுபாட்டை மலைவாசிகள் நேரடியாக அனுபவித்தார்கள்.

பலெர்மோவுக்கு வடக்கே கடலில் உள்ள உஸ்திகா தீவின் நிலை வேறு வகையானது. ஏறத்தாழ 1,300 பேர் வாழும் இத்தீவில் பிரசவ விடுதி இல்லை. கருவுற்ற பெண்கள் பேறுகாலம் நெருங்குவதற்கு முன்பே கப்பலேறிப் பலெர்மோ செல்ல வேண்டியிருக்கிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. அவசர நேரத்தில் ஹெலிகாப்டர்தான் ஒரே வழி.

ஐநூறு என்ற எல்லைக்கோடு

மலையூர் மக்களின் மனக்குறை உச்சத்தை எட்டியது பிரசவ விடுதி விவகாரத்தில்தான். ஆண்டுக்கு 500 பிரசவங்களுக்குக் குறைவாக நடக்கும் விடுதிகளைப் படிப்படியாக மூடி, பெரிய மருத்துவமனைகளோடு இணைப்பது என 2010ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசும் பிராந்திய அரசுகளும் உடன்பாடு கண்டன. குறைவான பிரசவங்களைப் பார்க்கும் மருத்துவக் குழுவுக்குப் போதிய பயிற்சியும் அனுபவமும் கிடைப்பதில்லை, சிக்கலான நேரத்தில் தாய்க்கும் சேய்க்கும் அது ஆபத்து என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். மருத்துவ நோக்கில் இது புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல. இருபத்து நான்கு மணி நேரமும் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் ஆகிய மூவரும் இருந்தால்தான் ஒரு விடுதி பாதுகாப்பானது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.

பெத்ராலியா சொத்தானாவின் விடுதி இந்த எல்லையை எட்டும் வாய்ப்பே இல்லாதது. இளைஞர்கள் வெளியேறி, முதியவர்கள் மிஞ்சியிருக்கும் மலையில் பிறப்புகள் ஆண்டுதோறும் குறைந்து வந்தன. புவியியல் சிரமங்களைக் காட்டி விதிவிலக்கு கோரும் வழியை 2015ஆம் ஆண்டு சுகாதார அமைச்சகம் திறந்தது. ஊர்த் தலைவர்கள் அதற்காகப் போராடினார்கள். எனினும் 2010களின் பிற்பகுதியில் விடுதி மூடப்பட்டது.

இங்கு இரண்டு பாதுகாப்புகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அனுபவமிக்க குழுவின் கையில் பிரசவம் நடப்பது ஒரு பாதுகாப்பு. வழியில், வாகனத்தில் பிரசவம் நடக்காமல் இருப்பது இன்னொரு பாதுகாப்பு. முதலாவதை எண்ணிக்கையால் அளக்க முடிகிறது. இரண்டாவது, சாலையையும் பனியையும் ஆம்புலன்ஸையும் பொறுத்தது என்பதால் எந்தப் பட்டியலிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. பிரசவ விடுதி போன பிறகு அந்த ஊரில் குடும்பம் நடத்தலாமா என்று இளம் தம்பதியர் யோசிப்பதும், அதனால் பிறப்புகள் மேலும் குறைவதும், குறைந்த பிறப்புகளே அடுத்த சேவையையும் மூடுவதற்குக் காரணமாவதும் ஒரு சுழற்சியாகிவிடும் என்பதே மலையூர்களின் அச்சம்.

பற்றாக்குறையின் வேர்கள்

இத்தாலியில் மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது மருத்துவர்கள் மொத்தத்தில் குறைவு அல்லர். ஆயிரம் பேருக்கு நான்கு மருத்துவர்களுக்கு மேல் இருக்கிறார்கள். செவிலியர்களின் விகிதமே ஐரோப்பிய சராசரியைவிடக் குறைவாக இருக்கிறது. மருத்துவர்களைப் பொறுத்தவரை, எந்தத் துறையில், எந்த ஊரில், எந்த வயதில் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

முதல் காரணம் வயது. 1970களில் மருத்துவக் கல்லூரிகளின் கதவுகள் அகலத் திறந்திருந்தன. அப்போது படித்து வந்த பெரும் தலைமுறை ஒரே காலகட்டத்தில் ஓய்வு பெறத் தொடங்கியது. 2010களின் இறுதியில் இத்தாலிய மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 55 வயதைக் கடந்தவர்கள். 2019ஆம் ஆண்டு அரசு கொண்டுவந்த முன்கூட்டிய ஓய்வூதியத் திட்டம் வெளியேற்றத்தை மேலும் எளிதாக்கியது.

இரண்டாவது காரணம் பயிற்சியில் ஏற்பட்ட இடுக்கு. 1999ஆம் ஆண்டின் சட்டம் மருத்துவப் படிப்புக்கான இடங்களைத் தேசிய அளவில் வரையறுத்தது. பட்டம் பெற்றவர்களுக்கும் நிபுணத்துவப் பயிற்சிக்கான உதவித்தொகை இடங்கள் பல ஆண்டுகள் போதவில்லை. குடும்ப மருத்துவராக விரும்புபவர் மூன்றாண்டுப் பயிற்சியை முடிக்க வேண்டும். ஆனால் அதற்கான உதவித்தொகை, மருத்துவமனை நிபுணராகப் பயில்பவர் பெறுவதில் பாதிக்கும் குறைவாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. இளம் மருத்துவர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 2025ஆம் ஆண்டு முதல், நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக முதல் அரையாண்டுப் படிப்பின் முடிவில் மாணவர்களைத் தேர்வு செய்யும் புதிய முறை அறிமுகமாகியுள்ளது. ஆனால் இன்று சேரும் மாணவர் நிபுணராகி வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது காரணம் பணம். சுகாதாரச் செலவில் பெரும் பற்றாக்குறை கண்ட சிசிலி, 2007ஆம் ஆண்டு ரோம் அரசுடன் கடன் சீரமைப்புத் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டது. ஊழியர்களுக்கான செலவு 2004ஆம் ஆண்டின் அளவைவிட 1.4 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்ற தேசிய வரம்பும் அக்காலத்தில் விதிக்கப்பட்டது. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். சிக்கனத்தின் சுமை முதலில் விழுந்தது ஓரத்தில் இருந்த சிறிய மருத்துவமனைகள் மீதுதான்.

நான்காவது காரணம் பாதுகாப்பு. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் சிசிலியின் கத்தானியா மாவட்டத்தில் இரவுக் காவல் பணியில் தனியாக இருந்த பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது நாட்டையே உலுக்கியது. சுகாதாரப் பணியாளர்கள் மீதான தாக்குதல்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டம் 2020ஆம் ஆண்டு நிறைவேறியது. ஆயினும் தொலைதூர ஊரின் ஒற்றை அறை நிலையத்தில் இரவைக் கழிக்க மருத்துவர்கள் தயங்குவது நீடிக்கிறது.

இந்தக் காரணங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. வெல்ஸ் பகுதியின் சுரங்க ஊர் ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், மருத்துவத் தேவை அதிகமாக உள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்ற கருத்தை 1971ஆம் ஆண்டு முன்வைத்தார். முதியவர்கள் நிறைந்த மடோனியே மலை அதற்கு இன்றைய உதாரணங்களில் ஒன்று.

வெளியிலிருந்து வரும் மருத்துவர்கள்

இடைவெளியை நிரப்ப இத்தாலிய மருத்துவமனைகள் பல வழிகளை நாடின. ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் நாள் கணக்கில் மருத்துவர்களை வரவழைப்பது அவற்றில் ஒன்று. இது செலவு மிகுந்தது என்றும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே தொடர்ச்சி இல்லாமல் செய்வது என்றும் விமர்சிக்கப்பட்டதால், 2023ஆம் ஆண்டின் சட்டம் இதனைக் கட்டுப்படுத்தியது.

மற்றொரு வழி வெளிநாட்டு மருத்துவர்கள். கோவிட் பெருந்தொற்று தொடங்கிய 2020ஆம் ஆண்டில், வெளிநாட்டில் பெற்ற மருத்துவப் பட்டங்களை வழக்கமான அங்கீகார நடைமுறை இன்றித் தற்காலிகமாக ஏற்க வழி செய்யப்பட்டது. அந்தச் சலுகை பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. சிசிலிக்கு எதிர்க்கரையில் உள்ள கலாப்ரியா பிராந்தியம், 497 பேர் வரை கியூப மருத்துவர்களை அழைத்துக்கொள்ள 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்தது. சிசிலியில் 2023ஆம் ஆண்டு முதல் அர்ஜென்டினா மருத்துவர்கள் பணியில் சேர்ந்தார்கள். ஒருகாலத்தில் பல்லாயிரக்கணக்கான சிசிலியர்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய நாடு அர்ஜென்டினா என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆனால் இது ஒரு சங்கிலி. சிசிலியில் படித்த மருத்துவர்கள் வட இத்தாலிக்கும் பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் போகிறார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு இன்னும் தொலைவிலிருந்து வேறொருவர் வருகிறார். அவர் விட்டு வந்த இடத்துக்கு யார் போவார் என்ற கேள்வி தொடர்கிறது. ஏழை நாடுகளின் சுகாதார ஊழியர்களைக் கட்டுப்பாடின்றிப் பணியமர்த்துவதைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்றை வகுத்தது. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கிராமப்புறங்களில் வாழும்போது, மருத்துவர்களில் கால்வாசிக்கும் குறைவானோரே அங்கு பணியாற்றுகிறார்கள் என்று அதே ஆண்டு அந்த நிறுவனம் சுட்டிக்காட்டியது.

பலெர்மோவின் தமிழர்கள்

இந்தச் சங்கிலியில் தமிழர்களும் ஒரு கண்ணி. இலங்கையின் உள்நாட்டுப் போரின் காரணமாகக் குடிபெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் 1980கள் முதல் பலெர்மோவில் குடியேறினார்கள். இன்று சில ஆயிரம் பேரைக் கொண்ட இச்சமூகம் நகரின் பழைய வெளிநாட்டுச் சமூகங்களில் ஒன்று. இவர்களில் பலர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டவர்கள். 2002ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தோடு வந்த முறைப்படுத்தல், ஆவணமின்றி இத்தகைய வேலைகளைச் செய்துவந்த பலருக்கு வதிவிட அனுமதி பெற வழிவகுத்தது.

மருத்துவரும் செவிலியரும் வீடு தேடி வர முடியாத இடத்தில், ஒரு முதியவருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், அவரது உடல்நிலையில் ஏற்படும் மாற்றத்தை முதலில் கவனிப்பதும் வீட்டில் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்தான். இத்தாலியின் சுகாதாரப் புள்ளிவிவரங்களில் இவர்கள் மருத்துவப் பணியாளர்களாகக் கணக்கில் வருவதில்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் அந்நாட்டின் முதியோர் பராமரிப்பு நடைபெறாது.

சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவருக்கும் குடும்ப மருத்துவர் உண்டு. ஆவணம் இல்லாதவர்களுக்கும் அவசர, அத்தியாவசிய சிகிச்சை கிடைக்க 1998ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது. அவர்களைக் காவல்துறைக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஊரில் மருத்துவரே இல்லாதபோது இந்த உரிமைகளும் ஏட்டளவில் நின்றுவிடும்.

1624ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவராகப் பலெர்மோ மக்கள் போற்றும் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லக்ரினோ மலைமீது இருக்கிறது. கத்தோலிக்கத் தமிழர்களோடு இந்துத் தமிழர்களும் அந்த மலையேறி வழிபடுவது அங்கு வழக்கமான காட்சி.

தமிழகமும் இலங்கையும்

பிரசவம் தொடர்பாகத் தமிழகம் எடுத்த பாதை பலெர்மோவின் பாதைக்கு நேர்மாறானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து நியமித்து, இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு 2000களில் விரிவாக்கப்பட்டது. சிக்கலான பிரசவங்களை அறுவை சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முறையும், 2008ஆம் ஆண்டு தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும் அதற்குத் துணை நின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தின் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடந்தன.

அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் இடஒதுக்கீடு தருவது தமிழகத்தின் மற்றொரு உத்தி. கிராமத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினால் நிபுணராகலாம் என்ற எதிர்பார்ப்பு பலரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றது. இத்தகைய ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் மலைக் கிராமங்களில் காலியிடங்களை நிரப்புவது அங்கும் எளிதாக இல்லை.

இலங்கையில், ஒருகாலத்தில் 'அப்போதிக்கரி' என்று அழைக்கப்பட்ட உதவி மருத்துவர்கள் கிராமப்புற மருத்துவமனைகளை நீண்டகாலம் தாங்கி நின்றார்கள். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மருத்துவர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஏராளமான மருத்துவர்கள் வெளிநாடு சென்றது, ஓரங்களில் உள்ள மருத்துவமனைகளை மீண்டும் பாதித்தது.

தீர்வு தேடும் முயற்சிகள்

இத்தாலியில், சேவைகளுக்குத் தொலைவில் உள்ள 'உள்நிலப் பகுதிகளுக்கான' தேசியத் திட்டம் 2010களில் தொடங்கப்பட்டபோது, சிசிலியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளில் மடோனியேவும் ஒன்று. இத்திட்டம் ஒரு ஊரின் பின்தங்கிய நிலையைக் கிலோமீட்டரால் அல்லாமல் நிமிடங்களால் அளந்தது. மருத்துவமனையும் மேல்நிலைப் பள்ளியும் ரயில் நிலையமும் உள்ள மையத்தை அடைய எத்தனை நிமிடங்கள் ஆகும் என்பதே அதன் அளவுகோல்.

கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் மீட்பு நிதியைக் கொண்டு, ஏறத்தாழ 40,000 முதல் 50,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 'சமூக இல்லங்கள்' என்ற சுகாதார நிலையங்களை அமைக்க 2022ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. குடும்ப மருத்துவர்களும் செவிலியர்களும் ஒரே கூரையின் கீழ் பணியாற்றுவதே அதன் நோக்கம். மலைப்பகுதிகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு வீட்டு வாடகை தொடர்பான வரிச் சலுகையும், பணி மதிப்பீட்டில் முன்னுரிமையும் தரும் மலைப்பகுதிச் சட்டம் 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறைவேறியது.

கட்டடங்களை எழுப்ப நிதி கிடைத்திருக்கிறது. அவற்றுள் அமரப் போகும் மருத்துவர்களும் செவிலியர்களும் எங்கிருந்து வருவார்கள் என்பதே இத்திட்டங்களைப் பற்றி எழுப்பப்படும் முக்கியக் கேள்வி. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களை மருத்துவப் படிப்புக்குச் சேர்ப்பது, பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியைக் கிராமத்திலேயே அளிப்பது, பிள்ளைகளின் பள்ளி, வாழ்க்கைத் துணைக்கு வேலை, வீடு ஆகியவற்றைக் கவனிப்பது போன்ற பல நடவடிக்கைகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பலன் கிடைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டிலும், மீண்டும் 2021ஆம் ஆண்டிலும் பரிந்துரைத்தது. ஊதிய உயர்வு மட்டும் ஒருவரை மலையில் நீண்டகாலம் இருத்திவைப்பதில்லை என்பது பல நாடுகளின் அனுபவம்.

1978ஆம் ஆண்டின் சட்டம் இத்தாலிய மக்கள் அனைவருக்கும், எங்கு வாழ்ந்தாலும், சமமான சிகிச்சையை உறுதி செய்தது. அந்த உறுதிமொழி இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பலெர்மோவின் பெரிய மருத்துவமனைகளில் அது பெருமளவுக்கு நிறைவேறவும் செய்கிறது. நகரிலிருந்து சில மணி நேரத் தொலைவில், மருத்துவர் ஓய்வு பெற்றுப் போன ஊரில் வாழும் முதியவருக்கு அது எட்டுமா என்பதைப் பொறுத்தே அந்தச் சட்டத்தின் வெற்றி அளக்கப்படும்.